சாக்ஸ் போட்ட நாற்காலிகள்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். பெரிசு, ஐந்து வயதுப் பெண். சிறுசு, இரண்டரை வயதுப் பையன், மூக்கு ஒழுகலோடு. உள்ளறையில் என் மனைவி. அவள் தூக்கத்தில் இருந்தாள், ஆனாலும் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். அவள் தூங்குவதைச் சுற்றித்தான் நாங்கள் மூன்று பேரும் நடந்துகொண்டிருந்தோம். பிறகு பெரியம்மா வந்தாள். பிள்ளைகளுக்குப் பெரியம்மா, எனக்கு மனைவியின் அக்கா, அண்ணி என்று கூப்பிடுவேன்.

குளிர்காலத்தில் இரண்டு பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவது என்றால் என்ன என்று தெரியாதவர்கள்தான் பனி அழகு என்று எழுதுகிறார்கள். உள்சட்டை, அதற்கு மேல் சட்டை, அதற்கு மேல் கம்பளி, அதற்கு மேல் ஜாக்கெட். காலில் இரண்டு சாக்ஸ், அவற்றில் ஒன்று எப்போதும் ஈரம். கையுறையில் கட்டைவிரல் போக வேண்டிய இடத்தில் சிறுசின் மூன்று விரல்கள் போய் மாட்டிக்கொள்ளும். எல்லாம் முடிந்து, குல்லாவின் கயிற்றை முடிச்சுப் போட்டு, எனக்கு முதுகெல்லாம் வியர்த்து வழியும்போது சிறுசு தொடைகளைச் சேர்த்துக்கொண்டு என்னைப் பார்ப்பான். மூத்திரம். மறுபடியும் ஜாக்கெட், கம்பளி, எல்லாம். அன்று காலையில் இதே கூத்து. கழிப்பறை வரை தூக்கிக்கொண்டு ஓடினேன், பாதி வழியிலேயே வேலையை முடித்துவிட்டான். ஈரத் துணிகளை ஹீட்டர் மேல் போட்டேன். அங்கே ஏற்கெனவே நேற்றைய ஈரத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. வீடு முழுக்க ஆட்டுக்கிடை வாசனை. கத்த வேண்டும் போலிருந்தது. கத்த முடியாது.

எங்கள் வீட்டில் யாரும் கத்துவதில்லை. நான் பல வருடம் இரவு வேலை பார்த்தேன், பார்சல் பிரிக்கிற இடத்தில். பகலில் தூங்க வேண்டும். அதனால் உள்ளறை ஜன்னலில் அட்டை ஒட்டினோம். அழைப்புமணியின் ஒயரைப் பிடுங்கினோம். நாற்காலிகளைத் தள்ளினால் தரை கிறீச்சிடும் என்று அவற்றின் கால்களுக்குப் பிள்ளைகளின் பழைய சாக்ஸை மாட்டினோம். பெரிசு பிறந்து பேச ஆரம்பித்தபோது கிசுகிசுவென்று பேசத்தான் கற்றுக்கொடுத்தோம். அழுகை வந்தால் குளியலறைக்குப் போய்த் துண்டில் முகத்தைப் புதைத்து அழ வேண்டும். இதை அவள் தானாகவே கண்டுபிடித்தாள், நாங்கள் சொல்லித்தரவில்லை. அப்படித்தான் நானும் மனைவியும் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். வந்து போனவர்கள் எல்லோரும் 'என்ன சமத்து' என்றார்கள். எங்களுக்கும் பெருமைதான்.

குளிர் தொடங்கிய சமயத்தில் ஒருநாள் பெல்ட்டில் வந்த பெட்டி ஒன்றை எடுக்காமல் விட்டேன். அடுத்ததையும் விட்டேன். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஏன் என்று மேற்பார்வையாளர் கேட்டார். எனக்கே தெரியாததை அவருக்கு எப்படிச் சொல்வது? மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. முதியோர் இல்லத்தில் பகல் வேலையில் இருந்தவள் இரவுக்கு மாற்றிக்கொண்டாள். இரவுக்குக் கூடுதலாகக் கொடுப்பார்கள். ஆக, தூங்குகிற ஆள்தான் மாறியது. அட்டையும் சாக்ஸும் அப்படியே இருந்தன.

சிறுசு இன்னும் மோசம். அவன் கிசுகிசுக்கக்கூட மாட்டான். என் சட்டை நுனியை இழுத்தால் பசி. காதைப் பிடித்தால் தூக்கம். அவை எல்லாம் எனக்குத் தெரியும் என்று சொன்னால் பொய். பெரிசுக்குத் தெரியும். அவள் பார்த்துவிட்டு என் காதருகே வந்து சொல்வாள்: "அப்பா, அவனுக்கு வயித்தை வலிக்குது." கோபம் வந்தால் சிறுசு கடிப்பான். சத்தமில்லாமல், நன்றாக, பல் பதியும்படி. அவளும் சத்தமில்லாமல் கையை உருவிக்கொள்வாள்.

அன்று மதியம் கதவு இடிபட்டது. பெரியம்மா கதவைத் தட்டுகிறவள் இல்லை, இடிக்கிறவள். அச்சகத்தில் புத்தகம் கட்டுகிற வேலை. நாள் முழுக்க இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, தொண்டையில் ஒரே ஒரு அளவுதான் பாக்கி. நாங்கள் மூன்று பேரும் உறைந்து நின்று உள்ளறையைப் பார்த்தோம். ஒன்றும் அசையவில்லை.

"என்ன தம்பி, எழவு விழுந்த வீடு மாதிரி இருக்கு?"

"மெதுவா அண்ணி. தூங்குறா."

"மெதுவாத்தானே பேசுறேன்!"

பூட்ஸிலிருந்து பனி உதிர, நடந்து சமையலறைக்குப் போனாள். நாற்காலியை இழுத்தாள். அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வர, ஒரு கணம் திடுக்கிட்டு, குனிந்து அதன் கால்களைப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, இதுக்குமா குளிருது?"

நான் சிரிக்கவில்லை. பெரிசு சிரித்தாள், தோள் மட்டும் குலுங்க.

"ஏன்டி, பெரியம்மா வந்திருக்கேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேளு."

"வாங்க பெரியம்மா," என்றாள் பெரிசு.

"என்ன? காத்துதான் வருது, பேச்சு வரலையே."

பெரிசு என்னைப் பார்த்தாள். நான் பாலைச் சுடவைக்கத் திரும்பிக்கொண்டேன்.

பெரியம்மா விஷயத்துக்கு வர நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "ஸ்கூல்ல இவ காதைச் சோதிக்கச் சொன்னாங்களாமே, டீச்சர்?"

"சோதிச்சாச்சு. காது நல்லா இருக்கு."

"அப்புறம் என்ன?"

"அவ பேசுறா அண்ணி. எங்களுக்குக் கேக்குது."

"உங்களுக்குக் கேட்டா போதுமா? லீவு முடிஞ்சு போறப்பவும் இப்படியே நின்னா மத்த பிள்ளைங்களோட சேத்து உக்கார வைக்க மாட்டோம்னு சொல்லியிருக்காங்க. உங்க பொண்டாட்டி போன்ல அழுதா. உங்ககிட்ட அழுதாளா?"

அழவில்லை. அவளும் துண்டைத் தேடிப் போயிருப்பாள்.

"நான் பெரியவளைக் கூட்டிட்டுப் போறேன். குளிர் முடியிற வரைக்கும் எங்க வீட்ல இருக்கட்டும். மேல ஒருத்தன் ட்ரம்ஸ் அடிக்கிறான், கீழ ஒருத்தி நாயோட சண்டை போடுறா. கத்தாட்டி சோறு கிடைக்காது."

"உங்க தங்கச்சி என்ன சொன்னா?"

"அவர் சரின்னா சரின்னுட்டா."

இதுதான் என் மனைவி. கத்தியைத் துடைத்து, கைப்பிடி என் பக்கம் இருக்கும்படி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவாள்.

"வேணாம் அண்ணி," என்றேன். "பிள்ளை அம்மாவை விட்டு இருக்க மாட்டா. நானே பேசப் பழக்கிடுவேன்."

"நீங்களா?" என்றாள். "தம்பி, நீங்க இப்ப என்கிட்ட பேசுறதே எனக்குப் பாதி கேக்கலை."

நான் சொன்ன காரணம் காரணமே இல்லை. பிள்ளை இருந்துவிடுவாள், எங்கே விட்டாலும் இருப்பாள். நான்தான் இருக்க மாட்டேன். சிறுசின் காதும் வயிறும் சட்டை நுனியும் அவளில்லாமல் எனக்கு விளங்காது. ஐந்து வயதுப் பிள்ளையை நான் வேலைக்கு வைத்திருந்தேன், அதுவும் என்னைவிட நன்றாக வேலை பார்க்கிற ஆளாக. அதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது? பாலை இரண்டு கோப்பையில் ஊற்றினேன். சிறுசு தன்னுடையதைத் தரையில் கவிழ்த்தான். ஒரு சொட்டுச் சத்தம் இல்லை, கோப்பையும் பிளாஸ்டிக். குனிந்து துடைத்தேன். நிமிரும்போது மேசை விளிம்பில் தலை இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க கொஞ்சம் யோசிங்க," என்று எழுந்தாள் பெரியம்மா. "அதுக்குள்ள கார் மேல விழுந்திருக்கிற பனியைத் தள்ளணும். வாடி, ஒரு கை குடு."

பெரிசு தானே உடுத்திக்கொண்டாள். நான்கு அடுக்கும், முடிச்சும், எல்லாம். பெரியம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

சிறுசு அக்கா போன பக்கத்தைப் பார்த்துவிட்டு என் முழங்காலைக் கடித்தான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையின் மிச்சப் பாலைக் காலால் துணியை நகர்த்தித் துடைத்தேன். அப்போதுதான் கீழே எவனோ ஒருவனுடைய பிள்ளை கத்த ஆரம்பித்தது. தொண்டை கிழிகிற கத்தல். உள்ளே ஒருத்தி ராத்திரி முழுக்கக் கிழவர்களைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்து படுத்திருக்கிறாள், பெற்றவர்களுக்கு அறிவு வேண்டாமா என்று எனக்குள் கொதித்தது. ஜன்னலைத் திறந்து நான்கு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனேன்.

கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தேன். கார் மேலிருந்த பனியில் பாதியைத் தள்ளியிருந்தார்கள். பெரியம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். பெரிசு கார் முன்னால் கால்களை அகட்டி நின்று, முகத்தை மேலே தூக்கி, கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏய் காரே! எந்திரி! சோம்பேறிக் காரே!"

பெரியம்மா ஏதோ சொன்னாள்.

"பன்னிக் காரே! எந்திரிடா!"

கத்திவிட்டு, தன் சத்தம் எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பி வருவதைக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு மறுபடியும். கரகரப்பான, கொஞ்சம் தடித்த குரல். பேச ஆரம்பித்த நாளிலிருந்து என் காதருகே வந்து பேசுகிற பிள்ளை. அந்தக் குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஜன்னல் பிடியில் வைத்த கையை நான் எடுக்கவில்லை, திறக்கவும் இல்லை. சிறுசு கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தான். அவனுக்கும் அது யார் என்று உடனே விளங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கத்திக்கொண்டேதான் படியேறி வந்தாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு 'பன்னிக் காரே'. வாசலில் கால் வைத்ததும் நின்றுவிட்டது. யாரோ குழாயைத் திருகி மூடினாற்போல. கன்னம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கதவுக்கு உள்பக்கம் நின்று கையுறையைக் கழற்றினாள். பெரியம்மா வெளியே படிக்கட்டிலேயே நின்றுகொண்டாள்.

பெரிசு என்னைக் குனியச் சொல்லிச் சட்டையை இழுத்தாள். காதில் சொன்னாள்: "அப்பா, நான் போகலை."

"ஏன்?"

"தம்பி காதைப் பிடிச்சா உனக்குத் தெரியாதுல்ல."

சரி இரு என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு நேரமாகும்? வார்த்தை நாக்கிலேயே இருந்தது. ஹீட்டர் மேலிருந்து ஈரக் கம்பளி ஒன்று தரையில் நழுவி விழுந்தது. அவள் எடுத்துப் போடப் போனாள். தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"தெரிஞ்சுக்குவேன்," என்றேன். "நீ போ."

"காதுன்னா தூக்கம்."

"ம்."

"ரெண்டு காதையும் பிடிச்சா காது வலி. மாத்திச் செஞ்சிடாதே."

"செய்ய மாட்டேன்டி. போ."

அவ்வளவையும் நானும் கிசுகிசுத்துத்தான் சொன்னேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நல்ல வேலைக்காரர்கள் புது ஆளிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போகும்போது பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பிறகு உள்ளறைப் பக்கம் போய், மூடியிருந்த கதவின் மேல் உள்ளங்கையை வைத்து எடுத்தாள். கையுறையை மாட்டிக்கொண்டாள். அவளுடைய துணிகளை ஒரு பையில் திணித்துப் பெரியம்மாவிடம் கொடுத்தேன்.

"ஞாயித்துக்கிழமை வாங்க தம்பி," என்றாள் பெரியம்மா. அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

பெரிசு வெளியே போய், திரும்பி நின்று, கைப்பிடியை இரண்டு கையாலும் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவை அங்குலம் அங்குலமாக இழுத்தாள். சட்டத்தோடு பொருந்திய பிறகுதான் பிடியை மேலே விட்டாள். ஒரு 'டிக்' கூடக் கேட்கவில்லை. மூடிவிட்டதா என்று நான் கையை வைத்துத் தள்ளிப் பார்க்க வேண்டியிருந்தது. மூடியிருந்தது. சாவியைத் திருகினேன்.