திட்டு வாங்காத மருமகள்

என் மாமியார் அனாபீபியின் வாய், அவருக்கு முன்னால் எழுந்துவிடும். "அடியே பிகாஜான், தந்தூர்ல நெருப்பு மூட்ட ஒங்கப்பனா வருவான்? எழுந்திரிடி எரும!" என்று முற்றத்திலிருந்து குரல் வரும். அது நல்ல நாளின் திட்டு. மாடு உதைத்த நாளுக்கு வேறு, என் புருஷன் குடித்துவிட்டு வந்த நாளுக்கு வேறு. உஸ்பெகிஸ்தானின் இந்த மூலையில் நாங்கள் பேசுகிற கோரெஸ்ம் பேச்சை ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிற படிப்பாளி யாராவது இருந்தால், நேராக எங்கள் அடுப்பருகே வந்து உட்காரலாம். முதல் ரொட்டி வேகும் முன்னால் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம்.

அப்பேர்ப்பட்ட வாய் ஒரே நாளில் மாறிப்போனது. தாஷ்கண்டில் படித்துக்கொண்டிருந்த என் கொழுந்தன் ஒல்லாபெர்கன், அந்த ஊர்ப் பெண் முவத்தரைக் கட்டிக்கொண்டு வந்தான். கல்யாணத்துக்கு மறுநாள் காலை நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். முற்றத்தில் யாரோ பேசுவது கேட்டது.

"மகளே, தாங்கள் நன்றாக உறங்கினீர்களா? தேநீர் அருந்துகிறீர்களா?"

திரும்பிப் பார்த்தேன். யாரோ தொலைக்காட்சியைத் தூக்கி வந்து முற்றத்தில் வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் என் மாமியார் தலையைச் சாய்த்துக்கொண்டு, உதட்டைக் குவித்துக்கொண்டு நிற்கிறார்! என்னைப் பார்த்ததும் உதடு பழைய இடத்துக்கு வந்தது. "என்னடி பார்வ? மாவப் பெச!"

எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருமே கொஞ்சம் இப்படித்தான். விருந்தாளி வந்தால் நல்ல கிண்ணத்தை எடுப்பார்கள், நல்ல பாயை விரிப்பார்கள், கூடவே நல்ல பேச்சான தாஷ்கண்டுப் பேச்சையும் பெட்டியிலிருந்து எடுப்பார்கள். நாங்கள் தொண்டையில் அமுக்கிச் சொல்கிற எழுத்தையெல்லாம் தாஷ்கண்டுக்காரர்கள் பல்லுக்கு வலிக்காமல் சொல்வார்கள். நாங்கள் இழுக்கிற இடத்தில் அவர்கள் வெட்டுவார்கள். பெற்ற பிள்ளையைக்கூட மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். விருந்தாளி போனதும் எல்லாவற்றையும் கழுவிப் பெட்டியில் வைத்துவிடுவோம். ஆனால் முவத்தர் போகிற விருந்தாளி இல்லையே! அவள் அறைக்குள் காலெடுத்து வைத்தாலே அத்தனை பேருக்கும் நாக்கு மாறிவிடும். என் மாமனார் இருமுவதைக்கூடச் செய்தி வாசிக்கிறவர் மாதிரி இருமுவார். மாமியார் ராத்திரிச் செய்தியின் முன்னால் உட்கார்ந்து வாயை அசைத்துப் பழகுவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

முவத்தர் ஒன்றும் மண்டு இல்லை. எங்கள் பேச்சைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதற்கு அவளுக்குக் கிடைத்த ஒரே பாடசாலை, நான் திட்டு வாங்கும் இடம். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். பிறகு பாத்திரம் கழுவும் இடத்துக்கு வந்து என்னைக் குடைவாள்.

"அக்கா, காலையில அத்தை ஒங்கள ஒண்ணு சொன்னாங்களே, வெடிச்ச பூசணின்னு. அது ஒடம்பச் சொல்றதா, மூளையச் சொல்றதா?"

"ரெண்டையும்தான். ஏன், ஒனக்கு அதுல சந்தேகம் வேறயா?"

"கோவிச்சுக்காதீங்க. இன்னொரு தடவ சொல்லுங்க, அந்த ராகம் எனக்கு வர மாட்டேங்குது."

தொண்டையில் விரலை வைத்து அமுக்கி அமுக்கிப் பழகினாள். ஒரு வருஷத்தில் எங்கள் தெருக்காரியைப் போலவே பேசினாள், என்னிடம் மட்டும். மாமியாரிடம் போய் எங்கள் பேச்சில், "அத்த, மாட்டுக்குத் தண்ணி காட்டட்டா?" என்று கேட்டால், "ஐயோ மகளே, தங்களுக்கு ஏன் அந்தச் சிரமம்?" என்று பதில் வரும். அந்தச் சிரமம் உடனே என் தலையில் விழும்.

ஒரு திங்கட்கிழமை பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள். "அக்கா, அம்மாவப் பாத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு சனிக்கெழம ரயில்ல போறேன். திரும்பி வர மாட்டேன். அவரும் அங்கயே வேல தேடிக்கிறேன்னுட்டாரு."

அந்த வீட்டில் என்னோடு சேர்ந்து சிரிக்க இருந்தது அவள் ஒருத்திதான். "ஏண்டி, இங்க ஒனக்கு என்ன கொற? ஒரு வேல கெடையாது, ஒரு ஏச்சு கெடையாது."

"அதுதான் கொற. ஒரு வருஷமாச்சு, இன்னும் எனக்குத் தங்க விளிம்பு வெச்ச கிண்ணத்துலதான் டீ குடுக்குறாங்க. ஒங்களுக்கு மட்டும் காது ஒடஞ்ச கோப்ப. விருந்தாளின்னா என்னிக்காவது கெளம்பத்தானே வேணும்? ஒங்களத் திட்டுற மாதிரி என்ன ஒரே ஒரு தடவ திட்டட்டும், டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுட்டு இங்கயே கெடக்குறேன்."

கேட்டீர்களா கூத்தை! நான் தினம் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறேன், இவள் அதற்கு ஏங்குகிறாள். சரி, ஆகட்டும் என்றேன். மாமியாரிடம் திட்டு வாங்கிக் கொடுப்பதா எனக்குக் கஷ்டம்?

கஷ்டமாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுக்காரி வந்தபோது, வந்தவளின் கிண்ணத்தில் விளிம்பு வழிய வழியத் தேநீர் ஊற்றும்படி முவத்தரிடம் சொன்னேன். எங்கள் ஊரில் அப்படி ஊற்றினால் குடித்துவிட்டு இடத்தைக் காலி செய் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரிக்கு முகம் கறுத்துவிட்டது. என் மாமியாரோ புன்னகைத்தபடி, "எங்கள் மருமகளுக்குத் தாராளமான கை" என்றார். மறுநாள் ரொட்டியைக் குப்புறக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். அந்தப் பாவத்தை நான் செய்திருந்தால் என் ஏழு தலைமுறையையும் குழியிலிருந்து எழுப்பி வசைபாடியிருப்பார். அவரோ சத்தமில்லாமல் ரொட்டியை நிமிர்த்தி வைத்து, முத்தமிட்டுவிட்டு, என்னை முறைத்தார்.

வியாழக்கிழமைதான் அல்லா கண் திறந்தான். என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்த வீட்டுப் பெண்கள் கும்பலாக வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு முட்டைப் பரக் செய்தாக வேண்டும். மாவை மெல்லிசாகத் தேய்த்து, மடித்து ஒட்டிச் சின்னப் பையாக்கி, அதற்குள் பாலும் வெங்காயமும் சேர்த்து அடித்த பச்சை முட்டையைக் கரண்டியால் ஊற்றி, வாயை ஒட்டி, அந்த நொடியே கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். மூச்சு விடுகிற நேரம் தாமதித்தாலும் முட்டை ஒழுகிவிடும். அதற்கு மூன்று பேர் வேண்டும். தேய்ப்பது நான், ஒட்டிப் போடுவது மாமியார். ஊற்றிக்கொண்டிருந்த நாத்தனார்தான் புகுந்த வீட்டோடு போய்விட்டாளே! பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடலாம் என்றால், அவள் அந்தத் தேநீருக்குப் பிறகு எங்கள் வாசல் பக்கமே வரவில்லை.

"முவத்தர் ஊத்தட்டும்" என்றேன்.

மாமியார் பல்லைக் கடித்தார். ஆனால் வேறு ஆள் இல்லை. "மகளே, சற்று உதவ இயலுமா?" என்றார்.

முதல் பை. முவத்தர் ஊற்றி முடித்துவிட்டுப் பையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "மகளே, தாங்கள் அதனைச் சற்றே விரைவாக என்னிடம்..." என்று மாமியார் ஆரம்பித்தார். வாக்கியம் முடிவதற்குள் முட்டை அவர் முழங்கைவரை வழிந்துவிட்டது. இரண்டாவது பை. "மகளே, கரண்டி நிறைய ஊற்றுவதைத் தவிர்த்து..." அதுவும் போயிற்று. மரியாதைக்கு நேரம் பிடிக்கும், முட்டை அதுவரை காத்திராது. உள்ளே விருந்தாளிகள், அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. மூன்றாவது பை அடியில் கிழிந்து, முட்டை முழுக்க மாமியாரின் வெல்வெட் சட்டையில் கொட்டியது.

"அடி வெளங்காதவளே! கையா அது, மம்பட்டியா? மூணு முட்டைய மண்ணுல கொட்டிட்டு மாடு மாதிரி முழிக்கிறா பாரு! ஒங்கம்மா ஒனக்குச் சோறு போட்டு வளத்தாளா, வைக்கோல் போட்டு வளத்தாளா?"

கோரெஸ்ம் பேச்சு! சுத்தமான, கலப்படமில்லாத, எங்கள் கொல்லைப்புறத்துப் பேச்சு! எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

ஆனால் மாமியாரின் முகம் வெளுத்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "மன்னியுங்கள் மகளே. நான் தங்களை..."

"அல்லாவே, மறுபடியுமா!" முவத்தர் கரண்டியை வீசி எறிந்தாள். எங்கள் பேச்சிலேயே பொரிந்து தள்ளினாள். "எதுக்கு மன்னிப்பு? அவங்கள நாள் முழுக்க வாய் நெறைய திட்டுறீங்க, என்னக் கண்டா மட்டும் டிவி போட்டுக்கிறீங்க! நான் இந்த வீட்டு ஆளா, இல்ல சத்திரத்துல தங்க வந்தவளா? சனிக்கெழம போறேன்ல, இனிமே திரும்பி வரவே மாட்டேன். நீங்க ஒங்க நல்ல கிண்ணத்தக் கழுவிப் பத்திரமா பூட்டி வெச்சுக்கோங்க!"

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார், எங்கள் பேச்சில். "ஒன்னப் பொண்ணு கேட்டு ஒங்க வீட்டுக்கு வந்தேன். வாயத் தொறந்தேன். ஒங்க சித்திங்கல்லாம் முக்காட்ட இழுத்து வாய மூடிக்கிட்டு சிரிச்சாளுங்க. 'என்னாது, துர்க்மேன் பாஷையா?'ன்னு கேட்டா ஒருத்தி. கதவு சந்துல நின்னு நீயும் சிரிச்ச. பாத்தேன். என் புள்ளைக்கு முன்னால இன்னொரு தடவ என்னப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாதுன்னு அன்னிக்கு முடிவு பண்ணேன்."

பாழாய்ப்போன மரியாதை என்று ஒரு வருஷமாக நான் கேலி செய்தது இதைத்தான்.

முவத்தர் வழிந்த கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "ஆமா, சிரிச்சேன். அதுக்குத் திட்டுங்க."

"என்னாது?"

"சிரிச்சதுக்குத் திட்டுங்க அத்த. நல்லா திட்டுங்க."

திட்டினார். அடேயப்பா, என்ன திட்டு! கழுதையில் ஆரம்பித்து, சித்திகளை ஒவ்வொருத்தியாக இழுத்துப் போட்டு, தாஷ்கண்டின் தண்ணீரையும் காற்றையும் ஒரு பிடி பிடித்தார். நடுவில் குரல் உடைந்து அழுதார், அழுதுகொண்டே திட்டினார். நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து வாங்கியதெல்லாம் சில்லறைத் திட்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பொறாமையாகக்கூட இருந்தது. முவத்தர் தேம்பிக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

"...ரயிலாம் ரயிலு! ஊருக்குப் போறாளாம்! மிச்ச மாவுக்கு யாருடி ஊத்துவா, ஒன் சித்தியா? எடுடி கரண்டிய!"

உள்ளறையிலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் வந்தது. "என்ன அனாபீபி, அங்க என்ன சத்தம்?"

"எங்க வீட்டுப் பொண்ணத் திட்டிக்கிட்டிருக்கேன்!" என்று என் மாமியார் கத்தினார். "நீங்க பேசாம டீயக் குடிங்க!"

முவத்தர் மூக்கை உறிஞ்சியபடி அடுத்த பையில் ஊற்றி நீட்டினாள். அதுவும் ஒழுகியது.