மூன்றாவது கொட்டேஷன்

ரத்னவேல் கடைசியாக நிம்மதியாகச் செய்த காரியம், கதவுக்கீல் வாங்க வந்த ஒருவருக்கு ஐம்பது காசு குறைக்க மறுத்தது. ஜாலான் புசார் சாலையில் உள்ள அவருடைய ஹார்டுவேர் கடையில் இது தினசரி பூஜை. வந்தவர் முணுமுணுத்தபடி முழு விலையைக் கொடுத்துவிட்டுப் போனார். ரத்னவேல் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அப்போது தொலைபேசி அடித்தது.

மருத்துவமனையிலிருந்து. ஸ்கேன் முடிவு வந்துவிட்டதாம், நாளைக்கு மனைவியையும் அழைத்து வரவேண்டுமாம். கல்லாவில் உட்கார்ந்திருந்த பாக்கியலட்சுமிக்கு மீதி புரிந்துவிட்டது. குடும்பத்தோடு வரச்சொல்லி எந்த மருத்துவமனையும் நல்ல செய்தி சொன்னதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

புராஸ்டேட் புற்றுநோய் நான்கு வருடமாக அவரோடு இருந்தது. ஊசியும் மாத்திரையும் போட்டு அதைச் சொல்பேச்சுக் கேட்க வைத்திருந்தார்கள். இப்போது அது எலும்புக்குப் போய்விட்டது என்றார் டாக்டர் கோ. புது மருந்து ஒன்று இருக்கிறது. ஊசியாக ஏற்றினால் புற்றணுக்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு, அங்கேயே கதிர்வீசும். ஆறு வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி. குணமாகாது, ஆனால் காலம் கிடைக்கும். எவ்வளவு காலம் என்று அவர் சொல்லவில்லை. எலும்பு மஜ்ஜை தாங்கும்போதே தொடங்க வேண்டும், நான்கு வாரத்துக்குள் தொடங்கினால் நல்லது என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

அடுத்த அறையில் செலவு விவரம் சொல்லும் பெண் நிரஞ்சனா விலையை அச்சடித்துக் கொடுத்தாள். ரத்னவேல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார்.

"ஆறும் சேர்த்து எடுத்தா ஒண்ணு ஃப்ரீயாம்மா?"

"அங்கிள், இது பெயின்ட் இல்ல லா."

"பெயின்டுக்கே நாங்க கொடுக்கிறோமே!"

நிரஞ்சனா சிரித்துவிட்டாள். "உங்க மெடிசேவ் மருத்துவச் சேமிப்புல கொஞ்சம் எடுக்கலாம் அங்கிள், இன்ஷூரன்ஸ் கொஞ்சம் தரும். மீதி நீங்க போடணும். செவ்வாய்க்கிழமை ஸ்லாட் இருக்கு, புக் பண்ணிடவா?"

"இன்னும் ரெண்டு கொட்டேஷன் வரணும்மா."

அதுதான் அவருடைய சட்டம். எதை வாங்கினாலும் மூன்று இடத்தில் விலை கேட்பார். மகள் கல்யாணத்தின்போது நாதஸ்வரத்துக்கும் மூன்று கொட்டேஷன் வாங்கினார். ஆக மலிவானவர் தாலி கட்டி முடிந்த பிறகு வந்து சேர்ந்தார். சட்டத்தில் பிழை இருப்பதாக ரத்னவேல் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை, பிழை நாதஸ்வரக்காரருடையது.

கடைக் கடிதங்களை எழுதுவது பாக்கியலட்சுமி. ஆணிக்கும் திருகுக்கும் எழுதும் அதே வாக்கியத்தைத் தட்டச்சு செய்தாள்: தங்கள் ஆகக் குறைந்த விலையைத் தெரிவிக்கவும். கணவனின் உயிருக்குத் தனி வாக்கியம் எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. இலக்கணப் பிழையில்லாமல் எழுதியதில் ஒரு திருப்திகூட இருந்தது.

இரண்டாவது விலை ஆர்ச்சர்ட் சாலைப் பக்கத்து கிளினிக் ஒன்றிலிருந்து வந்தது. அங்கே நோயாளிகளுக்கு ஆர்க்கிட் பூவும் காப்பியும் கொடுத்தார்கள். "காப்பிக் காசும் சேர்த்துத்தான் போட்டிருக்கான்" என்று ரத்னவேல் தாளை மடித்து வைத்தார்.

மூன்றாவதற்குப் பொறுப்பேற்றவர் குவீன்ஸ்டவுனில் இருக்கும் ராமலிங்கம், பாக்கியலட்சுமியின் அண்ணன். "அவசரப்படாதீங்க மாப்பிள்ளை. சென்னையில நம்ம ஆளு இருக்கான். பாதி விலைக்கு முடிச்சிடலாம்." ராமலிங்கத்துக்கு எல்லா ஊரிலும் ஆள் உண்டு. போனை எடுக்கும் ஆள்தான் கிடையாது. ஒரு வாரம் சென்னை ஆஸ்பத்திரி டைரக்டர் ஊரில் இல்லை. அடுத்த வாரம் பொங்கல். அதற்கடுத்த வாரம் ராமலிங்கத்துக்கே பல்வலி.

ஐந்தாவது வாரம் நிரஞ்சனா பாக்கியலட்சுமியைப் போனில் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, நீங்களாச்சும் சொல்லுங்க. ஜாயின்ட் அக்கவுன்ட்தானே, உங்க சைன் போதும். நான் ஸ்லாட்டைப் பிடிச்சு வைக்கிறேன்."

பாக்கியலட்சுமி போனைக் கையால் மூடிக்கொண்டாள். "என்னங்க, இதையே எடுத்துக்கலாமே?"

ரத்னவேல் இடுப்பைத் தடவிக்கொண்டே திரும்பினார். "உங்கண்ணன்தானே பார்க்கிறாரு லட்சுமி? அவரை நம்பலைன்னா சொல்லு, இப்பவே விட்டுடறேன்."

அண்ணனை நம்பவில்லை என்று சொல்ல இரண்டு வினாடி போதும். அந்த இரண்டு வினாடியில் அவள் தன் அண்ணனின் மானத்தைக் காப்பாற்றினாள். "அப்புறம் கூப்பிடுறேம்மா" என்று நிரஞ்சனாவிடம் சொன்னாள்.

ஒன்பதாவது வாரம் அவரால் கடைப்படி ஏற முடியவில்லை. இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் கோ, நாற்காலியை அவர்கள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். மஜ்ஜை மிகவும் பலவீனமாகிவிட்டது. இனி அந்த ஊசியைப் போட முடியாது.

ரத்னவேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, வாழ்நாளில் முதல்முறையாகப் பேரத்தில் இறங்கி வந்தார்.

"சரி டாக்டர். நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்."

டாக்டர் கோவுக்குத் தமிழ் தெரியாது. பாக்கியலட்சுமிதான் அதை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. கடிதம் எழுதிப் பழகியவள், பிழையில்லாமல் சொன்னாள். டாக்டர் ரத்னவேலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏப்ரல் கடைசியில் ரத்னவேல் போய்விட்டார். இறுதிச்சடங்குக்காரர் சொன்ன முதல் விலைக்கே பாக்கியலட்சுமி தலையசைத்தாள். ராமலிங்கம் அவளை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார்: "இன்னும் ரெண்டு இடத்துல கேட்டிருக்கலாம்ல, தங்கச்சி?" அவள் அவருக்கு ஒரு தேநீர் கொண்டுவரச் சொன்னாள். சீனி தூக்கலாக.

ஆகஸ்டில் மருத்துவமனையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: திரு ரத்னவேல் தம் சிகிச்சையை இன்னும் பதிவு செய்யவில்லை. பெயரை எடுத்துவிடச் சொல்ல அவள் தொலைபேசினாள். நிரஞ்சனா வேறு பிரிவுக்கு மாறிவிட்டாளாம். பேசியவன் புதியவன், திரையைப் பார்த்து வாசித்தான். பாக்கியலட்சுமி விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவனே முந்திக்கொண்டான்.

"கவலைப்படாதீங்க மேடம். கொட்டேஷன் டிசம்பர் வரைக்கும் செல்லும். விலை அதேதான்."