தண்ணீரில் குறைந்த எடை

அண்ணன் இறந்து ஒரு மாதம் கழித்து, அவருடைய காசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணியே கடைக்கு வந்தார்.

தம்பிக்குத் தொழிலே பழைய வெள்ளிக் காசுகளை மதிப்பிடுவதுதான். அவன் பார்த்துச் சொல்லிவிட்டால் பெரிய பெரிய சேகரிப்பாளர்களே மறுபேச்சுப் பேச மாட்டார்கள். கூடப் பிறந்த அண்ணன் மட்டும் பதினெட்டு வருடமாக ஒரு காசைக்கூட அவனிடம் காட்டவில்லை. வீட்டுக்குப் போனால் சாப்பாடு, சிரிப்பு, அரட்டை எல்லாம் உண்டு. காசுப் பேச்சை எடுத்தால் மட்டும் பெரியவருக்குக் காது அடைத்துக்கொள்ளும். ஏன் என்று கேட்க இவனுக்கும் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. இனி யாரிடம் போய்க் கேட்பது?

"நீங்களே பாருங்க தம்பி. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

காசுக்கு ஒரு காகித உறை. எல்லாம் பழைய பாரசீக அரசர்களின் வெள்ளி. ஒரு பக்கம் கிரீடம் வைத்த தலை, மறுபக்கம் தீ எரியும் பீடம். எதையும் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கெடுக்காமல், கறுப்பேறியபடியே வைத்திருந்தார் மனிதர். அவனுக்குப் பெருமையாக இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

அடியில் இருந்ததைப் பார்த்ததும் கை நின்றது. அண்ணன் வாங்கிய முதல் காசு. பதினெட்டு வருடம் முன்பு, நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து, முதல்முறை வெளியே கிளம்பியவர் இதை வாங்கிக்கொண்டு நேராக இங்கேதான் வந்தார்.

"டேய், பாருடா! மூக்குகூட தேயல!"

எப்படித் தேயும்? பழைய காசே இல்லை, நேற்று யாரோ அச்சில் வார்த்த போலி. அரசன் கன்னத்தில் ஊசிமுனைக் குழிகள், விளிம்பில் அரம் தேய்த்த கோடு. ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்தபோது அவனுக்கு உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை.

"அசல்தாண்ணா. அருமையான காசு."

இப்போது உறையைத் திருப்பினான். அண்ணன் கையெழுத்தில், அன்றைக்கு மறுநாள் தேதி. "எடை 4.10. தண்ணீரில் குறைந்தது 0.50." நல்ல வெள்ளி என்றால் தண்ணீரில் முக்கி நிறுக்கும்போது இந்த எடைக்கு 0.40 கிராம்தான் குறையும். அண்ணன் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார், தராசுக்கா பஞ்சம்? ஒரே நாளில் தெரிந்துகொண்டுவிட்டார்.

"இதுவும் நல்லதுதானே தம்பி?"

"இல்ல அண்ணி. போலி. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இதுதானா அந்தக் காசு? அவருக்கும் தெரியும். 'அவனே ஒருநாள் வந்து சொல்வான், அன்னைக்கு எல்லாத்தையும் அவன்கிட்ட காட்டணும்'னு சொல்லிட்டே இருந்தார்."

பெட்டியில் நூற்றுப் பன்னிரண்டு காசுகள் இருந்தன. இந்த ஒன்றைத் தவிர எதையும் அவன் இதற்குமுன் பார்த்ததில்லை.