பேனரின் கீழ் வரிசை

சுமலதா இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும் நேரம் பார்த்து அந்தச் செய்தி மறுபடி வந்தது: உங்கள் கோப்புறையைத் திறக்க ஒருவர் அனுமதி கேட்கிறார். காலையிலிருந்து இதே தொல்லை. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மெயில் முகவரி. ஆள் என்னவோ ஒருவன்தான், ஃப்ளெக்ஸ் கடை பிரேம்குமார். அவன் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் யார் உட்காருகிறார்களோ அவர்களுடைய மெயில்தான் அன்றைக்குக் கடையின் மெயில்.

முதலியார்பேட்டையில் இருக்கும் புதுக்கரை மறுவாழ்வு மையத்துக்குச் சுமலதா அலுவலகப் பொறுப்பாளர். குடியை விட நினைப்பவர்கள் வந்து சேரும் இடம் அது. வீராம்பட்டினத்தில் ஆடித் தேர் நெருங்கிக்கொண்டிருந்தது. தேருக்கு வரும் கூட்டத்தின் கண்ணில் படும்படி மையத்தின் சார்பில் ஒரு பேனர் வைக்க வேண்டும். அதற்கு லோகோ வேண்டும் என்றான் பிரேம்குமார். லோகோ இணையத்தில் அலுவலகக் கோப்புறைக்குள் இருந்தது. சிகிச்சைக்கு வந்தவர்களின் புகைப்படங்களும் அதே கோப்புறைக்குள்தான் இருந்தன. ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பாக அந்த ஆளின் பேரும் ஊரும்.

ஆலோசகர் செந்தமிழ்ச்செல்வி இதைப் பற்றி முன்பே எச்சரித்திருந்தார். வெளியாட்களுக்குத் தேவையானதை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள், அவர்களுடைய முகவரிக்கு மட்டும் திறந்துவிடுங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் மூடிவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சுமலதாவும் தலையாட்டினாள். தலையாட்டக் காசா பணமா? ஆனால் பிரேம்குமார் யார், அவளுடைய மகள் மஞ்சள் நீராட்டுக்குப் பேனர் அடித்தவன், வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவன். அவனிடம் என்ன ஒளிவு மறைவு? ஒரு கையில் சட்னி இருந்ததால் மறு கையின் கட்டைவிரலாலேயே ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்பதைத் தொட்டு, முழுக் கோப்புறையையும் அவனுக்கு அனுப்பிவிட்டாள். தொல்லை ஒழிந்தது என்று இரண்டாவது இட்லிக்குப் போனாள்.

மறுநாள் அவன் மாதிரி அனுப்பினான். மேலே அம்மன் கோபுரம், நடுவில் ‘குடியை மறப்போம், குடும்பம் காப்போம்’, பக்கத்தில் லோகோ. எழுத்துப் பிழை இல்லை. சரி என்று சொல்லிவிட்டாள்.

பேனர் கட்டுவதில் நம் ஊருக்கு ஒரு முறை உண்டு. காதுகுத்து ஆனாலும் கண்ணீர் அஞ்சலி ஆனாலும் கீழே வரிசையாக முகங்கள் வேண்டும். ஒரு முகம் விட்டுப்போனால் பங்காளிச் சண்டையே வரும். முகம் இடம்பெற்றதற்காக ஒருவர் சண்டைக்கு வந்ததாகப் பிரேம்குமாரின் தொழில் வாழ்க்கையில் சரித்திரம் இல்லை. சுமலதா சரி சொன்ன மாதிரியில் கீழ்ப்பகுதி காலியாகக் கிடந்தது. அது அவன் கண்ணை உறுத்தியது. லோகோ எடுக்கப் போன இடத்தில் தெளிவான பாஸ்போர்ட் சைஸ் படங்கள், பேரும் ஊருமாகத் தயாராக இருந்தது ஞாபகம் வந்தது. மையத்துக்காரர்கள் போலிருக்கிறது, அக்கா சொல்ல மறந்துவிட்டார் என்று எண்ணினான். கூடுதல் காசு கேட்காமல் இரண்டு வரிசை முகங்களைப் பாசத்தோடு சேர்த்தான்.

தேருக்கு முதல் நாள், வியாழக்கிழமை மதியம், கட்டி முடித்த பேனரைப் படம் பிடித்துச் சுமலதாவுக்கு அனுப்பினான். ‘சூப்பரா வந்திருக்குக்கா’ என்று கீழே எழுதியிருந்தான்.

அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். முதல் வரிசையில் மூன்றாவதாக இருந்த முகத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. ‘சிலம்பரசன், வீராம்பட்டினம்.’

சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் சிலம்பரசன். குடித்துக் கெட்டு, மனைவி கவிநிலா மட்டும் அறிய மையத்துக்கு வந்து, ஞாயிறுதோறும் ஓவர்டைம் என்று ஊரில் சொல்லிவிட்டு, அங்கே நடக்கும் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தான். கூடக் குடித்த சேக்காளிகளுக்குத் தெரிந்தால் கேலி பேசியே பழைய வழிக்கு இழுத்துவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். சேர்ந்த அன்று அலுவலகச் சுவரோரம் நிறுத்தி அவனைப் படம் எடுத்தவளே சுமலதாதான். வெளியே தெரியாதில்ல மேடம் என்று அப்போது கேட்டான். இந்தச் சுவரைத் தாண்டாது என்று அவள்தான் சொன்னாள்.

இப்போது அவன் முகம் வீராம்பட்டினம் போகும் சாலையில், அவன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் வளைவில் தொங்குகிறது. முதல் ஷிப்ட் முடிந்து அவன் இறங்கும் நேரமும் ஆகிவிட்டது.

அவனுக்குப் போன் அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பிரேம்குமாரைக் கூப்பிட்டு உடனே இறக்கச் சொன்னாள். கட்டிய பையன்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள், நானே வருகிறேன் என்றான். அவனுக்காகக் காத்திருக்க அவளால் முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முருங்கப்பாக்கத்தில் வண்டிகள் நகரவில்லை. முன்னால் நின்ற வேனின் பின்கண்ணாடியில் யாரோ ஒரு தலைவரின் பிறந்தநாள் ஸ்டிக்கர், அதன் கீழேயும் வரிசையாக முகங்கள். சுமலதாவுக்கு அதைப் பார்க்கவே சகிக்கவில்லை. குறுக்கே புகுந்தாள், திட்டு வாங்கினாள், மறுபடி போன் அடித்தாள். அணைந்தே இருந்தது.

வளைவில் பேனருக்கு முன்னால் பையன்கள் சிலர் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இளநீர்க் கடைக்காரரிடம் அரிவாளை வாங்கி, சவுக்குக் கம்பில் கட்டியிருந்த நைலான் கயிற்றை அறுத்தாள். பேனர் ஒரு பக்கமாகச் சரிந்தது.

“எதுக்குக்கா எறக்குறீங்க? நம்ம சிலம்பு படம்லாம் இருக்குது,” என்றான் ஒருவன். “இப்பதான் பாத்துட்டுப் போனான். குடிகார டாக்டரேன்னு கூப்டோம், மூஞ்சிய தூக்கிக்கினு போய்ட்டான்.”

எந்தப் பக்கம் போனான் என்று கேட்க அவள் வாயெடுத்தாள். கேட்கவில்லை. மையத்தின் பேர் எழுதிய ஸ்கூட்டரில் வந்து, நடுத்தெருவில் அவனைத் தேடினால் அதுவே இன்னொரு பேனர் ஆகிவிடும். தன்னால் ஆபத்துக்குள்ளான ஆளைத் தேடக்கூட முடியாத இடத்தில் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டதை நினைத்து அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பிரேம்குமார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்துப் போனான். “நல்லதுன்னு நெனச்சுதான்க்கா செஞ்சேன். படத்த எல்லாம் எடுத்துக்கோன்னுதான் தொறந்து வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்,” என்றான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டே இன்னொன்றும் சொன்னான். பிட் நோட்டீஸ் அடிக்கும் அச்சகத்திலும் லோகோ கேட்டார்களாம். அதே லிங்கை அவர்களுடைய குரூப்பில் போட்டுவிட்டிருக்கிறான்.

அப்போதுதான் சுமலதாவுக்கு உறைத்தது. பேனரை இறக்கியாயிற்று, கோப்புறை இன்னும் பப்பரப்பா என்று திறந்தே கிடக்கிறது. அங்கேயே ரோட்டோரம் நின்று போனில் அதை மூடினாள். இனி வருபவர்களைத் தடுத்துவிடலாம். ஏற்கெனவே உள்ளே போய்ப் பார்த்தவர்கள் யார், எடுத்துக்கொண்டு போனவர்கள் யார்? லிங்க் உள்ள எவரும் என்றால் பேரில்லாத யாரும்தான். பிரேம்குமாரிடமிருந்த படங்களைக் கண்முன்னால் அழிக்க வைத்தாள். அச்சகத்துக்கும் அவனையே போன் போட வைத்தாள். அழித்துவிட்டோம் என்றார்கள். நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

சுருட்டிய பேனரைக் காலடியில் வைத்துக்கொண்டு அவள் மையத்துக்குத் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாசல் பெஞ்சில், கம்பெனிச் சட்டையோடு, சிலம்பரசன் உட்கார்ந்திருந்தான்.

அவள் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கினாள். வாயைத் திறந்தால் பிரேம்குமாரின் பேர்தான் முதலில் வரும்போல் இருந்தது. அதை விழுங்கினாள். “தப்பு என்னுதுதான் சிலம்பரசன். நான்தான் தொறந்துவிட்டேன்,” என்றாள்.

அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். “குடிச்சிட்டு அந்த வளைவுலயே எத்தன தடவ விழுந்து கெடந்தேன். அப்ப எவனும் என்ன பேனர்ல போடல மேடம். நிறுத்தினதுக்கு நீங்க போட்டுட்டீங்க.”

அவள் சுருட்டிய பேனரை எழுத்து தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

“சாராயக் கட வாசல் வரைக்கும் போய்ட்டேன்,” என்றான். “காச எடுத்துக் கையில வச்சிக்கினு நின்னேன். அப்புறம் எங்க போறதுன்னு தெரில. இங்க வந்துட்டேன்.”

உள்ளே கூட்டிப்போய், அவன் பார்க்கப் பார்க்க அவன் படத்தை அழித்தாள். மற்றவர்களின் படங்களை வேறொரு இடத்துக்கு மாற்றி, தனக்கும் செந்தமிழ்ச்செல்விக்கும் மட்டும் திறக்கும்படி வைத்தாள். பேனரில் இருந்த ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். சிலர் பரவாயில்லை என்றார்கள். ஒருவர் பேசாமல் வைத்துவிட்டார், பிறகு அவர் மையத்தின் பக்கமே வரவில்லை. செந்தமிழ்ச்செல்வி வந்து பக்கத்தில் உட்காரும் வரை சிலம்பரசன் அங்கேயே இருந்தான். போகும்போது, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான். ஆனால் என்னை இனிமேல் படம் எடுக்காதீங்க என்றான்.

சொன்னபடி வந்தான். ஓவர்டைம் என்ற பொய்க்கு இனி அவசியம் இல்லாததால் நேராகவே வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்து, மையத்தின் கணக்கைத் தணிக்கைக்குத் தயார் செய்யும் வெளி அலுவலகத்திலிருந்து விஜயராகவன் போனில் கூப்பிட்டார். வருஷா வருஷம் வருகிறவர், தங்கமான மனிதர். கோப்புறை லிங்கை அப்படியே அனுப்பிவிடுங்கள், வேண்டியதை நான் பார்த்து எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

படங்களை மாற்றியாயிற்று, ஆனால் சிகிச்சைக்கு வந்தவர்கள் பணம் கட்டிய ரசீதுகள் பேரோடு அந்தக் கோப்புறையில்தான் இருந்தன. எந்தெந்தத் தாள் வேண்டும் என்று சுமலதா கேட்டாள். எந்த மெயிலில் திறப்பீர்கள், எத்தனை நாளைக்கு வேண்டும் என்றும் கேட்டாள். அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும்.

“என்னம்மா, இத்தன வருஷப் பழக்கம். என்மேல நம்பிக்க இல்லையா?”

சுமலதா வாசல் பெஞ்சைப் பார்த்தாள்.

“உங்கள எனக்கு நம்பிக்கதான் சார். ஆனா அதுக்குள்ள இருக்கறவங்க உங்கள நம்பி வரல, என்ன நம்பி வந்தாங்க. அவங்க என்கிட்ட ஒப்படைச்சத, தெரிஞ்சவர்னு சொல்லி அடுத்தவங்க கையில தூக்கிக் குடுக்க எனக்கு உரிமை இல்ல. வேண்டியத மட்டும் சொல்லுங்க, உங்க பேருக்கு மட்டும் தொறக்கறேன். வேல முடிஞ்சதும் நானே மூடிடுவேன்.”