ஐந்தாவது ஆட்டத்துக்கு முன்

…மூன்றாவது ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது அவள்தான், அதில் சந்தேகமே இல்லை. முதல் இரண்டையும் வழக்கம்போல் மடமடவென்று ஜெயித்துவிட்டு, போகட்டும், இன்றோடு ஓய்வுபெறப் போகிற அக்காவுக்கு ஓர் ஆட்டமாவது இருக்கட்டும் என்று அக்கா எட்டி எடுக்க வசதியாக முன்சுவரில் பந்தை ஒரு விரல் அளவு உயர்த்தியே அடித்தாள், யாருக்கும் தெரிந்திருக்காது, ஆனால் நான்காவது? அதை யார் கொடுத்தது… இரண்டுக்கு இரண்டு. வருஷக்கணக்காகத் தோல்வியே தெரியாத ஸ்குவாஷ் சாம்பியன், கண்ணாடிச் சுவருக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இரைக்கிற மூச்சைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டிருக்கிறாள், அந்தப் பக்கத்து நாற்காலியில் அக்கா ஷூ நாடாவை அவிழ்த்து நிதானமாகக் கட்டுகிறாள், ஏதோ காய்கறி வாங்கக் கிளம்புகிறவள் மாதிரி.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, மூன்று வயது மூத்தவள், அவ்வளவுதான். எத்தனை இறுதி ஆட்டங்கள், எல்லாவற்றிலும் எதிரே அக்கா, எல்லாவற்றிலும் தோற்றவள் அக்கா, பத்திரிகைக்காரர்கள் வாய் கூசாமல் நிரந்தர இரண்டாம் இடம் என்று எழுதினார்கள், அதைப் படித்துவிட்டு, நிரந்தர வேலை கிடைக்கறது லேசாடி என்று சிரித்தவள். இவள் கிளப்புக்கு வந்த புதிதில் ராக்கெட்டும் கையுமாக ஓரத்தில் நின்றபோது ஒருத்தரும் சீண்டவில்லை, அக்காதான் கதவைத் திறந்து, உள்ள வா, பந்து சூடானாத்தான் எழும்பும், நான் ஒருத்தியே அடிச்சா எப்பச் சூடாகறது என்றாள், அன்றைக்கு மட்டும் அந்தக் கதவு திறக்காமல் இருந்திருந்தால்… அப்புறம் இவளுக்குக் குதிகால் நரம்பு அறுந்த வருஷம். மகாராணி படுத்துவிட்டாள், இனி எல்லாக் கோப்பையும் அக்காவுக்குத்தான் என்று ஊரே பேசியபோது, அக்கா தினமும் காலையில் வந்து நின்று, நகர முடியாத இவள் கைக்கு நேராகப் பந்து போட்டாள். ஏன்க்கா இப்படி என்று கேட்டதற்கு, நீ இல்லாம ஜெயிச்சா யாருடி மதிப்பா, சீக்கிரம் எழுந்திரு என்றாள். இந்த நன்றியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, ஓர் ஆட்டம் கொடுத்தால் தீருமா, இரண்டு கொடுத்தால்? ஆனால் நான்காவதில் இவள் ஒன்றும் கொடுக்கவில்லையே, உயிரைக் கொடுத்தல்லவா ஓடினாள், எந்த மூலைக்கு அடித்தாலும் அக்கா முன்னாலேயே அங்கே வந்து நின்றாள், யார் சொன்னது அவளுக்கு?

கூடப் பிறந்த அண்ணன் குனிந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினான். பயிற்சியாளனும் அவன்தான், ஜெயித்த நாளில்கூட நாலு குறை சொல்லாமல் சாப்பாடு இறங்காது. திட்டுக்குத் தயாராகக் காதைக் கொடுத்தாள்.

"நான் என்னத்தச் சொல்றது? உன்கிட்ட ஒரு தப்பும் இல்ல. அவங்க பிச்சு உதறறாங்க."

"மூணாவதுல?"

"மூணாவதும் அப்படித்தான். முன்சுவர்ல மெல்லத் தட்டி விழ வைக்கற உன் டிராப் ஒவ்வொண்ணும் கச்சிதம். அவங்களுக்கு முன்கூட்டியே தெரியுதும்மா."

இல்லைண்ணா, அது நான் வேண்டுமென்றே உயர்த்தி அடித்தது என்று சொல்ல வாய் திறந்தவள் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டாள். பந்தை ஒரு விரல் அளவு உயர்த்தினாள்தானே? நினைத்தாள், உயர்த்த வேண்டும் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது, கை அதைச் செய்ததா என்று தேடினால்… கடைசிப் பந்து எங்கே பட்டது, பட்டதற்கு முன்பே அக்கா ஓடி வந்துவிட்டாளா? கைக்கு நேராகப் பந்து போட்ட அத்தனை காலைகளிலும் அக்காவின் கண்கள் இந்த மணிக்கட்டைத்தானே பார்த்துக்கொண்டிருந்தன.

நடுவர் கூப்பிட்டார். அக்கா கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "என்னடி, மூச்சு வாங்குது?" என்றாள்.

"ஆமாக்கா."

உள்ளே போய்த் தன் கட்டத்தில் நின்றாள், தோற்றுவிடுவோமோ என்கிற பயம், எத்தனை வருஷமாயிற்று இது வந்து. இதுவும் அக்கா கொடுத்ததுதான். இத்தனை நாளாக, கொடுக்கிற இடத்தில் இருப்பது தான்தான் என்று எப்படி நினைத்தாள்?