குழாய் எடுத்த அன்று

பார்வை நேரம் தொடங்கக் கால் மணி நேரம் இருந்தது. அதற்குள் அவளைத் தீவிர சிகிச்சை வார்டுக்குள் கூப்பிட்டார்கள். செருப்பை விட்டுவிட்டுக் கை கழுவினாள். நகக்கண்ணிலிருந்து மில்லின் பஞ்சுத்தூசி போகவில்லை.

கணவனைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். நுரையீரலில் சளி கட்டி விழுந்ததிலிருந்து வாயில் குழாய். இப்போது அதன் முனையை மூச்சு மெஷினிலிருந்து கழற்றியிருந்தார்கள். இளம் டாக்டர் அந்த முனைக்கு நேரே ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். யாருக்கு எப்போது குழாயை எடுத்தால் ஆபத்தில்லை என்று ஆராய்ச்சி செய்கிறவர்.

"இருமுங்க. அட்டை நனையணும்."

அட்டையில் துளிகள் தெறித்தன.

"இது போதும். எடுத்துடலாம்."

"எடுத்தப்புறம் மூச்சு நின்னுட்டா?" என்றாள் அவள்.

"அது யாருக்கு நிக்கும், யாருக்கு நிக்காதுன்னுதாம்மா பாத்துட்டிருக்கோம்."

குழாய் வெளியே வந்தது. அவன் குனிந்து இருமினான். கட்டில் அதிர்ந்தது.

"யோவ், இவ்ளோ சத்தம் உனக்குள்ள இருந்துச்சா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. "வீட்லகூட துண்டை வாயில அமுக்கிக்கிட்டுத்தான் இருமுவாரு, டாக்டர்."

"இந்த வார்டையே எழுப்பிடுவாரு போல," என்றாள் நர்ஸ்.

டாக்டர் சிரிக்கவில்லை. "சளி வரவர இருமித் துப்பிடணும். அடக்கக் கூடாது. அடைச்சுதுன்னா திரும்பவும் குழாய் போடணும். ரெண்டாவது தடவை போட்டா பொழைக்கிறது கஷ்டம்."

அவன் தலையாட்டினான். கிண்ணத்தில் துப்பினான். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பார்வை நேரத்துக்கு மணி அடித்ததும் முதல் ஆளாக மில் சூப்பர்வைசர் வந்தார். கையில் ஆப்பிள் பை.

"என்னப்பா, எமனையே ஏமாத்திட்டியே! உன் எடத்துக்கு இன்னும் ஆள் போடல. தேறி வா."

அவன் கால்களை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். வாயை மூடிக்கொண்டான். கழுத்து நரம்பு புடைத்தது.

மில்லில் இருமுகிறவனை அன்றைக்கே மெஷினை விட்டு இறக்கிவிடுவார்கள். மறுநாள் அவனுக்கு வேலை இருக்காது. அதனால் சூப்பர்வைசரின் காலடிச் சத்தம் கேட்டதும் வரிசை முழுக்க நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு மூக்கால் மெல்ல மூச்சுவிடும். அவர் தாண்டிப் போனபின்தான் இருமல்.

அவன் நெஞ்சுக்குள் கொழகொழவென்றது. தலைமாட்டுத் திரையில் ஆக்சிஜன் எண் இறங்கியது.

"இருமுங்க! எதுக்கு அடக்குறீங்க?" நர்ஸ் முதுகில் தட்டினாள்.

அவன் சூப்பர்வைசரைப் பார்த்துப் புன்னகை செய்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

மனைவி பேச வாயெடுத்தாள். அவள் தொண்டையிலும் கரகரத்தது. விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"ஐயா, கொஞ்சம் வெளிய போங்க."

"ஏம்மா?"

"போயிடுங்கய்யா. கண்ணுல படாதீங்க."

திரை அலறத் தொடங்கியது. "டாக்டர்!" என்று கத்திக்கொண்டே நர்ஸ் குழாய்த் தட்டை இழுத்தாள். சூப்பர்வைசர் ஆப்பிள் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிலருகிலேயே நின்றார்.

"நான் என்னம்மா பண்ணேன்? பாக்கத்தானே வந்தேன்?"