தூக்கி நிறுத்தியவர்கள்

சாரக்காரர் காலமெல்லாம் கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவர்; கம்பு கட்டி, பலகை போட்டு, அந்தரத்தில் நடந்தவர். ஒரு நாளும் விழுந்ததில்லை. தலை நரைத்துத் தொழிலை விட்ட பிறகு, வீட்டுக் குளியலறையில் சோப்பு நுரை வழுக்கி, தொட்டி விளிம்பில் தாடை மோதி விழுந்தார். கழுத்தெலும்பு உடைந்து தண்டுவடம் நசுங்கிவிட்டது. கழுத்துக்குக் கீழே உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"எவன் கேட்டாலும் மாடியிலேர்ந்து விழுந்தேன்னு சொல்லுடா," என்றார் மகனிடம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி. "சோப்புல வழுக்கினேன்னு தெரிஞ்சா தொழில்ல எவன் மதிப்பான்?"

மகனும் சாரம் கட்டுகிறவன்தான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

தரை துடைத்துக்கொண்டிருந்த வார்டு ஊழியர் நிமிர்ந்தார். "சொன்னா நம்ப மாட்டாங்க பெரியவரே. முன்னெல்லாம் இங்க கிடந்தது பூரா இளவட்டம். பைக்ல பறந்தவன், கட்டடத்துலேர்ந்து விழுந்தவன். இப்பப் பாருங்க, பாதிக்கு மேல நரைச்ச தலை. ஒருத்தர் மாடிப்படியில, ஒருத்தங்க கட்டில்லேர்ந்து இறங்கறப்ப. வீட்டுத் தரைதான் இப்ப ஆளைத் தின்னுது."

"அப்ப எனக்குப் பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்ல," என்றார் சாரக்காரர்.

காலையில் மருத்துவர் கேட்ட கேள்வி மகனின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. விழுந்தவரை எப்படித் தூக்கினீர்கள்?

விழுந்தவனை உடனே நிற்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பயம் உடம்பில் தங்கிவிடும். சாரத்தில் அதுதான் வழக்கம். அப்பா கற்றுக்கொடுத்தது. அக்குளில் கை கொடுத்து நிறுத்தியபோது அவர் தலை பின்னால் தொங்கியது. அதுவரை விரல்களை அசைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அசைக்கவில்லை.

"தூக்கினதாலதானா டாக்டர்?" என்று அப்போதே கேட்டிருந்தான்.

"ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. அசைக்காம படுக்க வச்சிருக்கணும்."

ஊழியர் அடுத்த அறைக்குப் போனதும் சாரக்காரர் சொன்னார்: "நல்லவேளை, நீ வீட்டுல இருந்தே. உடனே நிறுத்திட்டே பாரு."

அந்தப் பாராட்டைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"நிறுத்தியிருக்கக் கூடாதாம்ப்பா. தூக்கினப்பதான் இன்னும் நசுங்கியிருக்கலாம்னு சொல்றாங்க."

சாரக்காரர் கூரையையே பார்த்துக் கிடந்தார். கழுத்துப் பட்டை வேறெங்கும் பார்க்க விடவில்லை.

"சாரத்துலேர்ந்து பெயிண்டர் ஒருத்தன் விழுந்தானே, கல்யாணம் ஆகி மாசம்கூட ஆகாதவன்," என்றார் மெல்ல. "நான்தான் தூக்கி நிறுத்தினேன். கால் துவண்டுபோச்சு. பயந்தாங்கொள்ளின்னு திட்டி மறுபடியும் நிறுத்தினேன்டா."

மகன் அவர் கண்ணோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டான்.

"உன்மேல தப்பில்ல. ஆமா, என்னைத் தூக்கினப்ப அந்தப் பக்கம் கையைப் பிடிச்சது யாரு?"

"அம்மா."

சாரக்காரர் கண்ணை மூடித் திறந்தார். "அவளுக்கு இது தெரிய வேணாம். உன்னோடயும் என்னோடயும் போகட்டும்."

பிளாஸ்க்கோடு அவள் உள்ளே வந்தாள். "அப்பனும் மகனும் என்ன ரகசியம்?"

"உன் மகன் முடிச்சு போடற லட்சணத்தைச் சொல்லிக்கிட்டிருந்தேன்," என்றார். "வெந்நீரா? கொடு."